பக்கத்துத் தெருப் பையன் உலக நட்சத்திரமானபோது நான் தொலைத்த பணம்

2010 ஜூலை 8. இரவு ஒன்பது மணிக்கு ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் நகரில் என் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். மனைவி முதல் பிரசவத்துக்காகக் கோவில்பட்டிக்குப் போயிருந்தாள். மேசை மேல் கிரெடிட் கார்டு பில் கிடந்தது. அடுத்த கூடைப்பந்து சீசனுக்காக நான் வாங்கிய இரண்டு இருக்கைகளின் விலை 4,128 டாலர் அதில் ஏறியிருந்தது. ஏறக்குறைய அரை மணி நேரம் ஊரையே காக்க வைத்துவிட்டு, ஆக்ரனில் வளர்ந்த கூடைப்பந்து வீரன் லெப்ரான் ஜேம்ஸ் பக்கத்து நகரமான கிளீவ்லாந்தின் அணியை விட்டு மயாமி அணிக்குப் போவதாகச் சொன்னான். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அப்போது வயது 33.

அவரை 'அவன்' என்று எழுதுவதற்குப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வயதில் பார்த்த பிள்ளையை வேறு எப்படியும் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த உரிமை உணர்வுதான் என் பணத்தையும் நேரத்தையும் கொண்டுபோனது. அது வந்து சேர்ந்த விதத்தை முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் ஊரிலும் இப்போது ஏதோ ஒரு மைதானத்தில் ஒரு பையனோ பெண்ணோ எல்லாரையும் வாய்பிளக்க வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்கு அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை.

2000 ஆகஸ்டில் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் பாலிமர் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. நான் போன நேரத்தில் டயர் ஆலைகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. ஊருக்குள் ஒருவித களைப்பு இருந்தது. பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஜேம்ஸ் ஏ. ரோட்ஸ் அரீனா என்ற உள்ளரங்கம் உண்டு. ஏறக்குறைய 5,500 பேர் அமரலாம். அந்தக் குளிர்காலத்தில் ஒரு பள்ளிக் கூடைப்பந்து அணி தன் சொந்த ஆட்டங்களை அங்கே ஆடுவதாகச் சொன்னார்கள். செயின்ட் வின்சென்ட்–செயின்ட் மேரி என்ற பள்ளி. அதன் சொந்த அரங்கம் கூட்டத்தைத் தாங்கவில்லையாம். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு ஐயாயிரம் பேரா என்ற வியப்பில், ஆய்வுக்கூடத்திலிருந்து அப்படியே நடந்து போய் ஒரு டிக்கெட் வாங்கினேன்.

கோவில்பட்டிக்காரனுக்கு விளையாட்டைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஹாக்கி பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பந்து இருக்கும் இடத்தைப் பார்க்காதே, அது போகப்போகிற இடத்தைப் பார் என்று அப்பா மைதானத்து மண்ணில் உட்கார்ந்து சொல்லித் தந்தது நினைவில் இருக்கிறது. அன்று ரோட்ஸ் அரீனாவில் லெப்ரான் என்ற அந்தப் பையன் எனக்கு அதைத்தான் காட்டினான். எல்லாரும் அவன் எகிறிக் குதித்துப் பந்தை வளையத்தில் அறைவதற்குக் கைதட்டினார்கள். என்னை எழுந்து நிற்க வைத்தது வேறு ஒன்று. இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் ஒரு பந்தைத் தள்ளினான். அங்கே அப்போது யாரும் இல்லை. பந்து போய்ச் சேர்ந்த நொடியில் அவன் கூட்டாளி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். எனக்கு முதுகு சிலிர்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, டயர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் என் தோளைத் தட்டி, "நம் பையன்" என்றார். ஊருக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாதவனை அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கும் அவன் நம் பையன்தான்.

இங்கே முதல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். யாரும் பெரிதாகக் கவனிக்காத அந்தக் காலம்தான் ரசிகனுக்கு உண்மையான செல்வம். ஒரு சினிமா டிக்கெட் அளவுக்குச் செலவில், ஆடுபவனின் மூச்சு கேட்கிற தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்போது கிடைக்கிற டிக்கெட்டுத் துண்டு, அரங்க வாசலில் தருகிற அணிப் பட்டியல், உள்ளூர்ச் செய்தித்தாளின் மூலைச் செய்தி ஆகியவற்றைத் தேதி எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். நான் அந்தத் துண்டுகளைக் கோட்டுப் பையில் திணித்து, சலவை இயந்திரத்தில் கோட்டோடு சேர்த்துத் துவைத்துக் கூழாக்கினேன். பின்னாளில் சேகரிப்பாளர்கள் பணம் கொடுத்துத் தேடியது அவற்றைத்தான். விற்பதற்காகச் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தேன் என்பதற்கு இன்று என்னிடம் இருப்பது ஒரே ஒரு துண்டு.

2002 பிப்ரவரியில் எல்லாம் மாறிப்போனது. அந்த மாதம் 18-ஆம் தேதியிட்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் அட்டையில் லெப்ரான் இருந்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்ற பொருளில் தலைப்பு. நான்கு ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிற, பதினேழு வயதுப் பையன். அடுத்த வாரமே ஆட்டம் முடிகிற வாசலில் புது முகங்கள் வந்து நின்றன. நாற்பது, ஐம்பது வயது ஆண்கள், கையில் பத்துப் பதினைந்து இதழ்கள், பை நிறைய ஜெர்சிகள், பந்துகள். சில சமயம் கையில் பேனாவைக் கொடுத்துச் சின்னப் பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டார்கள். பிள்ளை கேட்டால் மறுக்க மாட்டான் என்று கணக்கு. ஒரு இரவு நானும் அந்த வரிசையில் இதழோடு நின்றேன். பூஜ்யத்துக்குக் கீழே குளிர். அவன் வெளியே வந்தான். தலையில் துணித் தொப்பி, காதில் ஹெட்போன், கண்ணில் தூக்கம். ஆறரை அடியைத் தாண்டிய உயரத்துக்கு மேல் முகம் மட்டும் பள்ளிப் பிள்ளையின் முகம். வளர்ந்த ஆண்கள் அவன் மேல் விழுந்து தள்ளியதைப் பார்த்ததும் எனக்குக் கூசியது. வரிசையை விட்டு விலகி நடந்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் செய்தவற்றில் இன்னும் நிம்மதி தருவது அது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வாசலில் நின்று எதையும் கேட்காதீர்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

கேட்காமல் வந்த எனக்குக் கையெழுத்து மேல் ஆசை மட்டும் போகவில்லை. அந்த ஆசை ஒரு வருடத்தில் விலை கேட்டது. 2002 டிசம்பர் 12 அன்று கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழக அரங்கில் அந்தப் பள்ளி அணி ஓக் ஹில் அகாடமியோடு மோதிய ஆட்டத்தை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 65–45 என்று வென்றது நம் அணி. லெப்ரான் 31 புள்ளி எடுத்தான். என்னிடம் மிஞ்சியிருக்கிற ஒற்றை டிக்கெட்டுத் துண்டு அந்த ஆட்டத்துடையது. அதன்பின் ஊரே காய்ச்சல் பிடித்தது போல் ஆனது. ஜனவரி கடைசியில் ஒரு கடையில் 845 டாலர் மதிப்புள்ள இரண்டு பழைய பாணி ஜெர்சிகளை இலவசமாக வாங்கிக்கொண்டான் என்று சொல்லி, மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அவனை ஆடக் கூடாது என்றது. பிறகு நீதிமன்றம் தலையிட்டு அவன் மீண்டும் ஆடினான். அந்தப் பரபரப்பான வாரத்தில்தான் ஓர் ஓட்டல் கூடத்தில் நடந்த விளையாட்டுப் பொருள் சந்தைக்குப் போனேன்.

பச்சை நிறப் பள்ளி ஜெர்சி, 23-ஆம் எண், எண்ணுக்கு மேலே கறுப்பு மையில் கையெழுத்து. விற்றவர் தன் அக்காள் மகன் அதே பள்ளியில் படிப்பதாகவும், உடை மாற்றும் அறையில் தன் கண் முன்னால் போட்ட கையெழுத்து என்றும் சொன்னார். கதையை நன்றாகச் சொன்னார். பள்ளியின் பெயர், பயிற்சியாளரின் பெயர், தெருவின் பெயர் எல்லாம் சரியாக வந்தன. ஆயிரம் டாலர் என்றார். 900 ரொக்கம் கொடுத்தேன். மாதம் 1,500 டாலருக்கும் குறைவான உதவித்தொகையில் வாழ்ந்தவன் நான். அதில் 500 ஒரு நண்பனிடம் கடன். கூடவே தன் பெயர் அச்சடித்த தாளில் 'உண்மைச் சான்றிதழ்' ஒன்றும் எழுதித் தந்தார். 845 டாலர் துணிக்காக அந்தப் பையனின் வருடமே பறிபோக இருந்த வாரத்தில், அவன் பெயரில் 900 டாலரை யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவனுக்குத் துணை நிற்பதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒரு சென்ட்கூட அவனுக்குப் போகாது என்பது அப்போது என் மனதில் எழவே இல்லை.

மார்ச் 22 அன்று மாநில இறுதி ஆட்டத்தில் 40–36 என்று வென்று பள்ளி வாழ்க்கையை முடித்தான். மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு என் அறைத் தோழர்கள் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்துக்கு அலாரம் வைத்து எழுந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து இந்தியா தோற்றதைப் பார்த்தேன். எட்டுப் பேர் ஒன்றாகத் துக்கப்பட்டோம், ஒன்றாகத் தேநீர் குடித்தோம், மத்தியானம் தூங்கி எழுந்ததும் பாதித் துக்கம் போய்விட்டது. கூடைப்பந்தில் எனக்கு அப்படித் துணை யாரும் இல்லை. பின்னால் என்னை ஆட்டிப்படைத்ததில் பாதி அந்தத் தனிமை. ஒரு விளையாட்டை நேசிப்பதென்றால் கூட ஒருவரையாவது இழுத்துக்கொள்ளுங்கள்.

தொழில்முறை அணிகள் புது வீரர்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்கிற 2003 மே 22 குலுக்கலில் முதல் தேர்வு கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணிக்கு விழுந்தது. முந்தைய சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி கண்ட அணி. ஐ-77 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நம் பையன் நம் வீட்டு முற்றத்திலேயே ஆடப்போகிறான் என்று ஊர் முழுக்க ஹாரன் அடித்தார்கள். முதல் நான்கு ஆண்டுகள் எப்போதாவது மலிவான டிக்கெட் கிடைத்தால் மட்டும் போய் வந்தேன். அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் 2007 மே 31 வந்தது. டெட்ராய்ட்டுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டம், இரண்டு முறை கூடுதல் நேரம். கிளீவ்லாந்தின் கடைசி 30 புள்ளிகளில் 29 அவனுடையவை. கடைசி 25-ஐத் தொடர்ச்சியாக அவன் ஒருவனே எடுத்தான். மொத்தம் 48. இறுதிச் சுற்றில் சான் அன்டோனியோவிடம் நான்கு ஆட்டமும் தோற்றதுகூட என் வேகத்தைத் தணிக்கவில்லை. படிப்பு முடிந்து வேலையில் இருந்தேன், கையில் கார்டு இருந்தது. மேல்தட்டில் இரண்டு சீசன் டிக்கெட் எடுத்தேன்.

சீசன் டிக்கெட் என்பது என்னவென்று சொல்கிறேன். சொந்த அரங்கில் 41 ஆட்டம். அதோடு யாரும் விரும்பிப் பார்க்காத முன்னோட்ட ஆட்டங்களையும் சேர்த்தே விற்பார்கள். எனக்கு அது 43 ஆனது. ஆட்டம் ஒன்றுக்கு இரண்டு இருக்கை, கார் நிறுத்தக் கட்டணம், பெட்ரோல், சாப்பாடு. போய் வர, பார்க்க என்று ஐந்து மணி நேரம். பனிக்காலத்தில் ஏரிக் காற்றோடு கொட்டுகிற பனியில் ஆறு மணி நேரமும் ஆகும். மூன்று சீசனில் 600 மணி நேரத்துக்கு மேல் அந்தச் சாலையிலும் அரங்கிலும் செலவழித்தேன். அந்த மூன்று சீசன்களும் நான் புதிதாகக் கல்யாணமானவன். முதல் குளிர்காலத்தில் மனைவி கூட வந்தாள். இரண்டாவதில், "வாரத்தில் ஒரு நாளாவது எனக்கென்று வீட்டில் இருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவள் குரல் உயர்ந்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள். அதனால் தள்ளிப்போட்டேன்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால் மூன்று நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து எடுத்து, ஆட்டங்களைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற பணத்தில் எடுங்கள், வட்டி ஓடுகிற கார்டில் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் பையனின் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். நான் இடறியது அங்கேதான். 2006-இல் அவன் கையெழுத்திட்ட ஒப்பந்த நீட்டிப்பே, 2010 கோடையில் விலகிக்கொள்ள வழி வைத்துத்தான் எழுதப்பட்டிருந்தது. நாளிதழில் வந்த செய்தி அது, ரகசியம் அல்ல. நான்கு வருடம் முன்பே கதவு இருக்கிற இடத்தை அவன் காட்டிவிட்டான். அந்த வருடம் வீரர்கள் அணி மாற ஜூலை 1-இல்தான் வாசல் திறந்தது. நான் புதுப்பித்ததோ வசந்த காலத்தில். ஊர்ப் பையன் ஊரை விட்டுப் போவானா என்று என்னையே கேட்டுக்கொண்டு, பதிலையும் நானே சொல்லிக்கொண்டு, 4,128 டாலரைக் கட்டினேன்.

அறிவிப்புக்குப் பிறகு தெருவில் அவன் ஜெர்சியை எரித்தார்கள். கிளீவ்லாந்து நகர நடுவில் பத்து மாடி உயரத்துக்குத் தொங்கிய அவன் படத்தைச் சில நாட்களில் இறக்கினார்கள். எனக்கு எரிக்கத் தோன்றவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை, வேலையில் கண் நிலைக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா தொலைபேசியில் பேசினார். மருமகள் நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, "உன் குரல் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவனுக்கு என்ன வயது?" என்றார். இருபத்தைந்து என்றேன். "நீ இங்கிருந்து போகும்போது உனக்கு இருபத்து மூன்று. உன் அம்மா ரயில்வே ஸ்டேஷனில் நின்றது உனக்குத் தெரியும். அடுத்த ஒரு வாரம் அவள் அடுப்பு பற்ற வைக்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. ஆனால் உன்னைப் போகாதே என்று சொன்னாளா?" என்று கேட்டார். என்னால் பதில் பேச முடியவில்லை. அவனைத் திட்டி மனதுக்குள் நான் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் என் அம்மா என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடியவை. அவள் சொல்லவில்லை.

அந்த சீசனில் கேவலியர்ஸ் வரிசையாக 26 ஆட்டம் தோற்றது. 61 வெற்றி பெற்ற அணி ஒரே வருடத்தில் 19-க்கு இறங்கியது. டிக்கெட்டை விற்க முயன்றேன். பல இரவுகளுக்கு இரண்டும் சேர்த்துப் பத்து டாலர்கூடக் கேட்பாரில்லை. டிசம்பர் 2 அன்று மயாமி அணி வந்த ஆட்டத்துக்கு மட்டும் 340 டாலர் கிடைத்தது. அன்று லெப்ரான் 38 புள்ளி எடுத்தான், அரங்கம் முழுக்க அவனை ஏசியது. நான் நான்கு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சத்தத்தை அடக்கிவிட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மற்ற ஆட்டங்களையும் சேர்த்தால் வந்தது மொத்தம் 750. சுமார் 3,400 டாலர் போயிற்று. கார்டுக் கடனை வட்டியோடு அடைத்து முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

2014 ஜூலை 11 அன்று திரும்பி வருவதாகக் கடிதம் எழுதினான். ஆகஸ்ட் 8 அன்று ஆக்ரன் பல்கலைக்கழகத் திறந்தவெளி அரங்கில் நடந்த வரவேற்புக்கு மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த மகிழ்ச்சியில்தான் அலமாரியில் இருந்த பச்சை ஜெர்சியைச் சட்டம் போட்டு மாட்ட நினைத்து, கையெழுத்தைச் சோதிக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். வேகமாகக் கையெழுத்துப் போடுகிறவன் பேனா, துணியைத் தொடுவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுமாம். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் முள் போல மெலிந்திருக்கும். என் ஜெர்சியில் ஒவ்வொரு எழுத்தும் மழுங்கிய புள்ளியில் தொடங்கி மழுங்கிய புள்ளியில் முடிந்தது. நடுவில் மூன்று இடங்களில் மை ஊறிக் குளம் கட்டியிருந்தது. எழுதியவன் அங்கே நின்று, மாதிரியைப் பார்த்துவிட்டு, மறுபடி தொடர்ந்திருக்கிறான். பதினொரு வருடம் அந்தக் குளங்களை நான் பார்த்திருக்கிறேன், கண்ணில் பட்டதே இல்லை. சோதனைக் கட்டணத்தை வைத்துவிட்டு வெளியே வந்து காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்துப் பொருள் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். விற்பவரே எழுதிக் கொடுக்கிற சான்றிதழ் வெறும் காகிதம். 2003-இல் லெப்ரான் அப்பர் டெக் என்ற விளையாட்டுச் சேகரிப்புப் பொருள் நிறுவனத்தோடு கையெழுத்துப் பொருள்களுக்கான தனி ஒப்பந்தம் செய்துகொண்டான். அந்த ஒப்பந்தக் காலத்தில் அவர்கள் முன்னிலையில் போட்டவற்றில் எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டியிருக்கும், அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். அதற்கு முந்தைய பொருள் என்றால் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் சோதித்த பிறகுதான் பணம் என்று சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வாங்க வேண்டாம். ரொக்கம் கொடுக்காதீர்கள், கார்டில் கொடுத்தால் ஏமாற்று என்று தெரிந்ததும் முறையிட வழி உண்டு. கதை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு தள்ளி நில்லுங்கள். அன்று அந்த மனிதர் என்னிடம் விற்றது 'நம் பையன்' என்ற சொல்லைத்தான்.

2016 ஜூன் 19. இந்த முறை சீசன் டிக்கெட் கிடையாது, கார்டு பாக்கி கிடையாது. வீட்டில் மனைவி, மகள், பக்கத்து வீட்டுக் குடும்பம், ஒரு பெரிய பாத்திரத்தில் எலுமிச்சை சாதம். கோல்டன் ஸ்டேட் அணியோடு 3–1 என்று பின்தங்கியிருந்த இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை வந்திருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது எதிரணியின் ஆன்ட்ரே இகுவோடாலா பந்தோடு வளையத்தை நோக்கிப் போனார். பின்னாலிருந்து ஓடி வந்து, எகிறி, பந்தைப் பலகையோடு சேர்த்துத் தட்டினான் லெப்ரான். பதினாறு வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே பையன். பந்து போகப்போகிற இடம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. 93–89. கிளீவ்லாந்து நகரம் 52 வருடத்துக்குப் பிறகு ஒரு பட்டம் வென்றது. நான் உடனே கோவில்பட்டிக்குத்தான் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே காலை எட்டு மணி தாண்டியிருந்தது. அப்பா எடுத்ததும், "உன் பையன் ஜெயித்துவிட்டானா?" என்று கேட்டார்.

2018 ஜூலையில் அவன் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனான். அந்த மாதக் கடைசியிலேயே ஆக்ரன் பிள்ளைகளுக்காக அவன் அறக்கட்டளை துணை நின்ற அரசுப் பள்ளி திறந்தது. அணி மாறிய செய்தி வந்த மாலை எட்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகள் வீட்டு வாசலில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று, "அப்பா, வாருங்கள், பந்து எடுத்துப் போடுங்கள்" என்று கூப்பிட்டாள். முழங்கால் வரை தொங்குகிற அந்தப் பச்சை ஜெர்சியைப் போட்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு முறை துவைத்ததில் எண் 23 அப்படியே இருந்தது. அதற்கு மேலே இருந்த கறுப்பு மை ஏறக்குறைய வெளிறிப் போயிருந்தது.